கை மேலே போகாத கதைகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

காட்பாடிவாசி:
நாலு மாதமாக வலது தோள் வலி, தைலம், மாத்திரை, ராத்திரி தூக்கமில்லை, எல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான், விடுகிறேன். பாகாயம் போகிற டவுன் பஸ்ஸில் சடன் பிரேக். மேல் கம்பியைப் பிடிக்கப் போனால் கை காது மட்டத்துக்குக்கூட வரவில்லை, முன்னால் நின்ற பாட்டி மேலேயே சாய்ந்துவிட்டேன். "கை இருக்குதில்ல, புடிக்கிறதுக்கு என்னப்பா?" மறுநாள் பிசியோதெரபிஸ்ட் என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தூக்கச் சொன்னார். "சார், நீங்க தூக்குறது கையை இல்ல, தோள்பட்டை எலும்பை." கை முழுசாக 180 டிகிரி உயர, மூட்டு சுமார் 120, பட்டை எலும்பு சுழல்வதில் 60 என்று பங்கு போட்டுக்கொள்ளுமாம். என் மூட்டு பங்கே தரவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போவது.

அணைக்கட்டு மச்சான்:
எனக்குத் தோள் மூட்டு இறங்கியே போச்சு. தை மாதம் மாடு விடும் விழா, தடுப்புக் கட்டையைத் தலைக்கு மேலே பிடித்திருந்தேன், கூட்டம் நெருக்கியதில் கை பின்னால் முறுக்கிக்கொண்டது. மாடு என்னைத் தொடவே இல்லை, அதைத்தான் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தோள் உருண்டை போய் பெட்டி மூலை மாதிரி ஆகிவிட்டது. எலும்பை ஏற்றுவதற்கு முன் டாக்டர் தோளின் வெளிப்பக்கம் பஞ்சால் தடவி "தெரியுதா?" என்றார். தெரியவில்லை. அக்குள் நரம்பு இழுபட்டால் அந்த இடம் மரத்துப்போகுமாம். உணர்ச்சி திரும்பிவிட்டது, ஆனாலும் தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

குடியாத்தம் தறிக்காரன்:
காட்பாடி அண்ணே, அது தேய்மானம். எங்க அப்பாவுக்கும் இதேதான், நாற்பது வருஷம் கைத்தறி. முதலில் சுகர் பாருங்க, சுகர்காரங்களுக்கு இது அதிகம் வரும். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுங்க. சுவரில் விரலால் பல்லி மாதிரி ஏறுங்க, நேற்று ஏறின இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு. வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்காதீங்க, வலிக்குதேன்னு சும்மாவும் வைக்காதீங்க, இன்னும் இறுகும். அப்பாவா? அவர் ஒன்றும் செய்யவில்லை, வலது கையை இடது கையால் தாங்கித்தான் சட்டைக்குள் நுழைக்கிறார்.

சத்துவாச்சாரி அக்கா:
தம்பி, எல்லாவற்றையும் தேய்மானத்தில் போடாதே. அண்ணனுக்கு இறுகியிருப்பது மூட்டைச் சுற்றியுள்ள உறை. தோளில் கை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணம் ஆழமே கிடையாது, நாலு தசைதான் பந்தைக் கவ்விப் பிடிக்கிறது. அடுத்தவர் தூக்கினாலும் போகாவிட்டால் இறுக்கம். தூக்கினால் போய், விட்டதும் விழுந்தால் தசைநார் கிழிந்திருக்கலாம். என் மாமியார் சோளிங்கர் மலையில் 1305 படியும் ஏறிவிட்டு, இறங்கும்போது சறுக்கிக் கையை ஊன்றினார். சுளுக்கு என்று ஆறு வாரம் எண்ணெய் தேய்த்தது நான்தான். ஒருநாள் தலை வாரக் கையைத் தூக்கிவிட்டேன், ஈரத் துணி மாதிரி தொப்பென்று விழுந்தது. அப்பா கையைத் தூக்கிப் பார்த்தாயா?

குடியாத்தம் தறிக்காரன்:
இப்போதான் பார்த்தேன் அக்கா. போகுது. விட்டா நிற்கல.