காட்டுக்கோழி இறகு வேண்டாம், சித்தப்பா

குழு: கோத்தகிரி வீட்டார்
ஜனவரி, ஞாயிறு மாலை

சித்தப்பா: தம்பி, இங்கிலாந்திலிருந்து நேற்று நீ போட்ட படத்தில், மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் கட்டிய பொய்ப் பூச்சி இருக்கிறதே, அது இறகில் கட்டியதுதானே? மழைக்காலத்தில் நம் தேயிலைக்குள் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு கொஞ்சம் பொறுக்கி வைத்திருக்கிறேன். நுனியில் மஞ்சள் மெழுகு சொட்டியது போல இருக்குமே, அதுதான். கூரியரில் அனுப்பட்டுமா?

நான்: வேண்டவே வேண்டாம் சித்தப்பா 🙏

நான்: அந்த இறகுக்காகவே நிறையப் பறவைகளைக் கொன்றிருக்கிறார்கள். இந்தப் பொய்ப் பூச்சிக்கு ஃப்ளை என்று பெயர். சால்மன் மீனுக்குக் கட்டும் பழைய பாணி ஃப்ளைகளில் இரண்டு பக்கமும் கன்னம் போல வைப்பது நம் ஊர்க் காட்டுக்கோழி இறகைத்தான். வெள்ளைக்காரர் காலத்தில் கழுத்துத் தோலோடு உரித்துக் கப்பலேற்றினார்கள். இந்தியாவைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத பறவை அது. இப்போது வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. கீழே கிடந்து எடுத்ததாக இருந்தாலும் அனுப்பக் கூடாது.

சித்தப்பா: சரி சரி. எடுத்த இடத்திலேயே போட்டுவிடுகிறேன்.

அம்மா: சாமி அறையில் மயிலிறகு இருக்கிறதே, அது ஆகுமா?

நான்: அதையும் அனுப்பக் கூடாது அம்மா. முருகனிடமே இருக்கட்டும்.

அம்மா: இந்தக் குளிரில் ஆற்றில் இறங்காதே சாமி.

நான்: இப்போது யாரும் இறங்க மாட்டோம். டிரவுட் மீன் ஆற்றுக் கூழாங்கல்லுக்குள் முட்டையிடும் காலம், பிடிக்கக் கூடாது. ஏப்ரல் வரை மீன்பிடிச் சங்கத்தில் வாரம் ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து ஃப்ளை கட்டுவதோடு சரி.

அக்கா: உன் மருமகன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எப்படிக் கட்டுவது என்று கேட்கிறான்.

நான்: குட்டி, கவனமாகக் கேள். வைஸ் என்கிற சின்னப் பிடிகருவியில் தூண்டில் முள்ளை மாட்டிக்கொள். ஃபெசன்ட் என்று ஒரு பறவை, இங்கே வயலெல்லாம் திரியும். அதன் சேவலின் வால் இறகிலிருந்து நாலே நாலு இழை. நூல் கிடையாது, தலைமுடி போன்ற செம்புக் கம்பிதான். முதலில் கம்பியை மட்டும் சுற்றி நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் பருமனாக்க வேண்டும். இழைகளின் நுனியை வாலாக நீட்டி விட்டு, மீதியைக் கம்பியோடு முறுக்கி உடம்பு முழுக்கச் சுற்று. கடைசியில் அதே இழைகளை நெஞ்சின் மேல் முன்னும் பின்னும் மடித்துக் கட்டினால் இறக்கை முளைக்கப்போகிற புடைப்பு வந்துவிடும்.

அக்கா: கால் எங்கே என்கிறான்.

நான்: கால் வைக்கக் கூடாது! அதுதான் இதில் அழகு. இதை உண்டாக்கியவர் ஃபிராங்க் சாயர். நான் இருக்கிற இதே வில்ட்ஷயரில், ஏவன் ஆற்றுக்குக் காவலராக இருந்தவர். ஆற்றுக்குள்ளேயே பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். ஈயாக மாறுவதற்கு முன்னால் அந்தப் பூச்சி தண்ணீருக்குள் புழுவாக இருக்கும், இந்த ஃப்ளை அதன் போலி. அந்தப் புழு நீந்தும்போது காலை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் என்று கண்டுகொண்டார். அதனால் காலை விட்டுவிட்டார். கம்பி நிறத்துக்கும் ஆச்சு, மூழ்குகிற எடைக்கும் ஆச்சு. ஃப்ளை மீனுக்குப் பக்கத்தில் போனதும் தூண்டில் கோலின் நுனியை மெல்லத் தூக்கினால் புழு மேலே எழும்புகிற மாதிரி இருக்கும், மீன் தாவிப் பிடிக்கும். இறகும் கம்பியும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த ஃப்ளையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

அம்மா: பாவம், மீனுக்கு வலிக்காதா?

நான்: முள்ளில் பின்பக்கம் நீட்டியிருக்கிற சின்ன முனையைக் குறடால் நசுக்கிவிடுவோம். சுலபமாகக் கழன்றுவிடும். கையை நனைத்த பிறகுதான் மீனைத் தொடுவோம். உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கிற வழவழப்பு உரிந்து நோய் வந்துவிடும். தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்போது விட்டுவிட வேண்டும்.

சித்தப்பா: நம் நீலகிரி அவலாஞ்சியிலும் டிரவுட் உண்டு தம்பி. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது.

நான்: ஆமாம் சித்தப்பா, 1860களில் பிரான்சிஸ் டே என்ற மீன் ஆய்வாளர் முயன்று பார்த்தார், நடக்கவில்லை. அப்புறம் 1907இல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்த பிறகுதான் ரெயின்போ டிரவுட் நிலைத்தது. குளிர்ந்து ஓடுகிற தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது. அதனால்தான் மலையை விட்டு இறங்கவே இல்லை. அடுத்த முறை வரும்போது அங்கே போகலாம், அனுமதி கேட்டுக்கொண்டு.

மாமா கோவை: மாப்பிள்ளை, இப்போதுதான் பார்த்தேன். செம்புக் கம்பி எத்தனை கேஜ்?

நான்: மாமா! உங்கள் வைண்டிங் கடையை மறந்தே போனேனே. 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே எதுவானாலும் சரி. வார்னிஷ் பூசிய சிவப்பு நிறம் இருந்தால் ரொம்ப நல்லது.

மாமா கோவை: சின்ன மோட்டாருக்குச் சுற்றுகிற கம்பி நிறைய மிச்சம் கிடக்கிறது. ஒரு சுருள் எடுத்து வைக்கிறேன்.

அக்கா: மே மாதம் நாங்கள் வரும்போது கொண்டுவருகிறோம். இவன் இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டான்.

மாமா கோவை: அவனுக்கும் சேர்த்து இரண்டு சுருளாகவே தருகிறேன் 👍