குச்சி ஒடிக்கப் போன கதை

வாய்க்கால்கரை:
1994, ஏழாம் வகுப்பு, பதினாறாம் வாய்ப்பாடு. மன்னார்குடிப் பக்கம், பள்ளி பெயர் வேண்டாம். கணக்கு வாத்தியார் பிரம்பு வைத்துக்கொள்ள மாட்டார், "போய் ஒடிச்சிட்டு வாடா" என்பார். அன்றைக்கு அடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு, ஒடிக்கும் வேலை எனக்கு. வாய்க்கால் கரை முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு. உள்ளே வெறும் கூடு, ஒரே அடியில் முறிந்துவிடும் என்று தெரிந்துதான் கொண்டுபோனேன். வாத்தியார் வளைத்துப் பார்த்தார், சிரித்தார். "நல்லதா ஒண்ணு கொண்டு வா." திரும்பப் போய்ப் புளிய விளாறு ஒடித்தேன். இலையை எல்லாம் நானே உருவி, கணுவைக்கூடத் தேய்த்துக் கொடுத்தேன். ஏன் அவ்வளவு சிரத்தை? அதுதான் இன்னும் புரியவில்லை. அவனுக்கு வாய்ப்பாடு வரவே இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்டான்.

வெண்ணாற்றுக்காரன்:
அடி வாங்காமல் யார் உருப்பட்டது? "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லித்தான் அப்பா என்னைச் சேர்த்தார். இன்றைக்கு அரசாங்க உத்தியோகம்.

குடமுருட்டி:
வெண்ணாற்றுக்காரரே, உங்களோடு அடி வாங்கிப் பாதியில் நின்றவன் இங்கே எழுத வரமாட்டான், அதையும் கணக்கில் சேருங்கள். எங்கள் ஊருக்கு ஒரே டவுன் பஸ். 9.20க்குப் போனால் கேட் பூட்டியிருக்கும், முதல் பீரியட் முடியும்வரை வெளியே நிற்கணும். முதல் பீரியட் கணக்கு. ஐப்பசி மழையில் எவன் நிற்பான்? படித்துறை மண்டபத்துக்குப் போய்விடுவோம், அப்புறம் மதியமும் அங்கேதான்.
பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் தடுக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று சொன்னால் முதல் பீரியட் என்ன பாடம் என்று கேளுங்கள். தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள், சண்டைக்குப் போகிற மாதிரி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அங்கே பேசுங்கள். பஸ் நேரத்தை மாற்ற டிப்போவில் மனு கொடுங்கள். ஒன்றும் நடக்கவில்லையா, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.

வாய்க்கால்கரை:
சட்டம் எல்லாம் சரி அண்ணே, நான் கேட்டது குச்சியைப் பற்றி. போன தை அறுவடைக்கு எங்கள் வயலுக்கு மிஷின் ஓட்டி வந்தது அவன்தான். மூன்றேகால் மணி நேரம் ஓடியது, மணிக்கு இவ்வளவு என்று மனக்கணக்காகவே மொத்தத்தையும் சொன்னான். புளிய விளாறு ஞாபகம் இருக்கா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீ குடித்தான், அடுத்த வயலுக்குப் போய்விட்டான்.