எல்.டி.எல். கட்டத்துல வெறும் கோடு, டிரைகிளிசரைடு 438: மறுபடி எடுக்கணுமா?

பாலக்கோட்டான்:
அப்பாவுக்கு 54 வயசு, சர்க்கரைக்கு மாத்திரை போடறார். தர்மபுரியில எடுத்த லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்): மொத்தக் கொலஸ்ட்ரால் 242, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 34, டிரைகிளிசரைடு (இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு) 438. எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) இடத்துல கோடு போட்டுட்டாங்க. ராத்திரி பத்தரைக்குச் சாப்பாடு, காலை ஏழரைக்கு ரத்தம் கொடுத்தார். லேப் தப்பா? எண்ணெயை மாத்தினா போதுமா?

ரத்தக்குழாய்:
கோடு போட்டது சரிங்க. நிறைய லேப்ல எல்.டி.எல்.லை நேரா அளக்கறதில்ல, கணக்குதான். மொத்தத்துல இருந்து எச்.டி.எல்.லைக் கழிச்சு, டிரைகிளிசரைடை 5ஆல வகுத்து அதையும் கழிப்பாங்க. 1972ல வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம். டிரைகிளிசரைடு 400 தாண்டினா அந்த வகுத்தல் பொருந்தாது. உங்க எண்களைப் போட்டா 120 வரும். பார்க்க அழகா இருக்கும், நம்பக் கூடாது.

இப்பவே காசில்லாம ஒரு கணக்கு போடலாம்: 242 − 34 = 208. இது நான்-எச்.டி.எல். கெட்ட கொழுப்பு எல்லாமே இதுக்குள்ள அடக்கம், டெஸ்டுக்கு முன்னாடி சாப்பிட்டதால பெருசா மாறாது.

ரத்தம் எடுத்த டியூபை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல அசையாம வெச்சா, மேல பாலாடை மாதிரி படிஞ்சா சாப்பாட்டுக் கொழுப்பு இன்னும் ரத்தத்துல ஓடுதுன்னு அர்த்தம். ஆடை கட்டாம முழுசும் கலங்கலா நின்னா கல்லீரல் அனுப்பற கொழுப்பு.

மறுபடி எடுக்கறப்ப ராத்திரி ஏழு மணிக்குள்ள சாப்பிட்டு 12 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணி குடிக்கலாம், டீ கூடாது. மூணு நாளைக்கு மது வேண்டாம். காய்ச்சல் இருந்தா ரெண்டு மூணு வாரம் தள்ளிப் போடுங்க, எல்.டி.எல். பொய்யா குறைஞ்சு காட்டும். கையில பட்டி கட்டினதும் ஒரு நிமிஷத்துக்குள்ள ரத்தம் எடுக்கணும். நேரம் ஆச்சுன்னா எண் கொஞ்சம் ஏறும். சர்க்கரை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடதான் போடணும், இல்லன்னா தாழ்சர்க்கரை ஆயிடும்.

களி உருண்டை:
எண்ணெய் பாக்கெட்ல "கொலஸ்ட்ரால் இல்லை"ன்னு போடறதைப் பெருசா எடுத்துக்காதீங்க. எந்தத் தாவர எண்ணெயிலயும் அது கிடையாது. கடலை எண்ணெயே போதும், ஆளுக்கு மாசம் அரை லிட்டர் தாண்டாம. டிரைகிளிசரைடை ஏத்தறது பெரும்பாலும் அரிசியும் இனிப்பும் மதுவும்தான். நம்ம ஊர் மாம்பழ சீசன்ல ஜூஸையும் சேர்த்துக்குங்க. களி நல்லதுதான், ஆனா ராத்திரி ரெண்டு உருண்டைன்னா அதுவும் மாவுச்சத்துதான். ஒண்ணாக்கி, கொள்ளுப் பருப்பும் கீரையும் கூட்டுங்க.

கூடவே எச்பிஏ1சி (மூணு மாசச் சர்க்கரை சராசரி), டி.எஸ்.எச். (தைராய்டு டெஸ்ட்) ரெண்டும் பாருங்க. சர்க்கரை கட்டுல இல்லன்னாலும் தைராய்டு குறைஞ்சாலும் கொழுப்பு ஏறும். டிரைகிளிசரைடு 500 தாண்டினா கணையம் வீங்கற அபாயம் இருக்கு, தள்ளிப் போடாதீங்க.

பாலக்கோட்டான்:
மூணு வாரம் கழிச்சு எடுத்தாச்சு. மொத்தம் 226, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 210, எல்.டி.எல். 148. 160 வரைக்கும் பரவாயில்லன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார்.

ரத்தக்குழாய்:
அந்த 160 எல்லாம் சர்க்கரை இல்லாதவங்களுக்கான பேச்சு. சர்க்கரை இருந்தா எல்.டி.எல். 70க்குக் கீழ, நான்-எச்.டி.எல். 100க்குக் கீழ வரணும். இவருக்கு நான்-எச்.டி.எல். 190. சாப்பாட்டால மட்டும் அந்தத் தூரம் இறங்காது, ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கற மாத்திரை) பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. டோஸை ரெண்டு மடங்காக்கினாலும் எல்.டி.எல். கூடுதலா 6 சதவீதம்தான் குறையும், அதனால ஆரம்ப டோஸே முக்கியம். தொடங்கறதுக்கு முன்னாடி கல்லீரல் டெஸ்ட் ஒண்ணு. ஆறுல இருந்து எட்டு வாரத்துல அதே லேப்ல மறுபடி லிப்பிட். நார்மல் வந்ததும் நிறுத்தினா பழைய எண்ணுக்கே திரும்பும்.

களி உருண்டை:
சர்க்கரைக்காரங்களுக்கு மாரடைப்பு வந்தா நெஞ்சு வலியே தெரியாம வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். அப்ப ரிப்போர்ட்டைத் தேடிட்டு நிக்காம 108ஐக் கூப்பிடுங்க. மலைப்பக்கம் வண்டி வர நேரமாகும்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். 2023ல தொடங்கின இதயம் காப்போம் திட்டத்துல ஆஸ்பிரின் 150 மி.கி. ரெண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் (ஒரு ஸ்டாட்டின்) 10 மி.கி. எட்டு, மொத்தம் 14 மாத்திரையை அங்கயே முதல் டோஸா கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க.