ஆர்ட்டீமியா பொரித்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈசூன்வாசி:
ஃபைட்டர் மீன் குஞ்சுகளுக்குத் தீனியாக, உப்புநீரில் வாழும் குட்டி இறால் போன்ற ஆர்ட்டீமியாவை வீட்டிலேயே முட்டையிலிருந்து பொரிக்கிறேன். ஒரு பாட்டில், லிட்டருக்கு 30 கிராம் உப்பு, காற்றுக் குழாய், மேலே ஒரு விளக்கு. சிங்கப்பூர் வெக்கைக்கு ஹீட்டர் எதற்கு? 24 மணி நேரத்தில் ஆரஞ்சுப் பொடி தூவியதுபோல் ஆர்ட்டீமியா குஞ்சுகள் மிதக்கும்.

எனக்கோ இரவு வேலை. பொரித்ததை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வந்துதான் போடுவேன். மீன் குஞ்சுகள் தின்றன, ஆனால் வளர்த்தி இல்லை. சில செத்தும் போயின. தண்ணீரைத் திட்டினேன், முட்டை டப்பாவைத் திட்டினேன்.

விஷயம் அந்த ஆரஞ்சில் இருக்கிறது. அது முட்டையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோறு. பொரித்த புது ஆர்ட்டீமியா குஞ்சால் எதையும் தின்ன முடியாது. அந்தக் கட்டுச்சோற்றை வைத்துத்தான் நீந்துவதும் உறுப்பு வளர்ப்பதும். சுமார் 8 மணி நேரத்தில் முதல் தோலை உரித்ததும் தின்னத் தொடங்கும். வெறும் உப்புத் தண்ணீரில் தின்ன என்ன இருக்கிறது? ஒரு நாள் பட்டினியில் சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. ஆள் மட்டும் நீண்டு, வெளிறி, வேகமாக ஓடும். நான் கொடுத்தது அந்தச் சக்கையைத்தான்.

தெம்பனிஸ் அக்கா:
தம்பி, பொரித்ததும் வடிகட்டிப் புது உப்புத் தண்ணீரில் விட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். 4 டிகிரியில் அசைவு அடங்கிவிடும், கட்டுச்சோறும் மெதுவாகத்தான் கரையும். டப்பாமேல் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் கேரட் ஜூஸ் என்று எடுத்துவிட்டார்!

பழைய ஹேச்சரிக்காரன்:
இங்கே வருவதற்கு முன் தமிழ்நாட்டில் மரக்காணம் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் இருந்தேன். அங்கே வளர்த்த வன்னாமி இறாலும் இதே கதைதான். நாப்ளி, அதாவது பொரித்த புதுக் குஞ்சு, ஒன்றரை, இரண்டு நாள் முட்டையிலிருந்து வந்த கருவுணவிலேயே ஓட்டும். சோயா என்கிற அடுத்த பருவம் ஆனவுடன், அது தின்ன கீட்டோசெராஸ் என்ற நுண்பாசி தொட்டியில் தயாராக இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்ப்போம்: பின்னால் நூல் மாதிரி கழிவு தொங்கினால் தின்கிறது, நிம்மதி. நூல் இல்லையென்றால் அன்று தூக்கம் போச்சு. அடுத்த தோலுரிப்புக்குச் சேமிப்பு இல்லாத குஞ்சு, பழைய தோலிலேயே சிக்கிச் சாவதைப் பார்த்திருக்கிறேன்.

ஈசூன்வாசி:
அக்கா, ஃபிரிட்ஜ் யோசனை பலித்தது. இப்போது வேலைக்குக் கிளம்புமுன் ஒரு கரண்டி, வந்ததும் ஒரு கரண்டி. மீன் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாகத் தெரிகிறது.