டாப் ஸ்டேஷன் ஆவணப்படம்: ஒலியைச் சரிசெய்ய உதவுங்கள்

வணக்கம். மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவன். கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து பத்து நிமிட ஆவணப்படம் எடுக்கிறோம். ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் என் பொறுப்பு. விஷயம், மூணாறிலிருந்து மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய குண்டளை ரயில். டாப் ஸ்டேஷன் வரை அதில் வந்த தேயிலை, அங்கிருந்து ரோப்வேயில் மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளத்தோடு ரயில் போய்விட்டது.

தன் தாத்தா தேயிலைப் பெட்டி சுமந்த கதையை அம்மாச்சி சொன்னார். குரல் தழுதழுத்த இடத்தில் காற்று மைக்கில் படபடவென்று மோதிவிட்டது. மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் உறை மாட்டாதது என் தவறு. லோ கட் (தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் குரலும் மெலிகிறது. திரும்பச் சொல்லச் சொன்னால் அந்தக் குரல் வராது. வழி தெரிந்த அண்ணன், அக்காக்கள் சொல்லுங்களேன். அப்புறம், அந்த ரயில், ரோப்வே படம் யார் வீட்டிலாவது இருந்தால் ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.