குரோபார்ட் காலை வாரின கதைகள்: உங்கடையையும் போடுங்க

கல்லடிப்பாலம்:
குரோபார்ட் எண்டா டிஸ்க் பெருத்த பிறகு அதுக்குள்ள இருக்கிற பார்ட்டிஷனையும் பெருக்குற கட்டளை. சித்திரை வருசத்துக்கு முதல் நாள். புடவைக்கடை ஒண்டுக்கு பில் போடுற சேர்வர், க்ளவுட்ல சிங்கப்பூர் ரீஜியன்ல கிடக்கு. டிஸ்க் 100 வீதம். கன்சோல்ல 8 ஜிபிய 30 ஆக்கிட்டன். முதல் பூட்லதானே பார்ட்டிஷன் தானாப் பெருக்கும், இனிக் கையாலதான் எண்டு குரோபார்ட் அடிச்சா, தற்காலிக ஃபைல் வைக்கிற டிஎம்பிக்குள்ள ஃபோல்டர் உண்டாக்க இடமில்லையாம். இடம் கூட்டுறதுக்கே இடமில்ல மச்சான்! போன்ல முதலாளி: "தம்பி, சனம் நிக்குது." கடைசியில டிஎம்பி மேல 10 எம்பி டெம்ப்எஃப்எஸ் (டிஸ்க்கில இல்லாம ராம்ல இருக்கிற இடம்) மவுண்ட் பண்ணி, திரும்ப குரோபார்ட், பிறகு ஃபைல்சிஸ்டத்தப் பெருக்க ரிசைஸ்2எஃப்எஸ். ஃபைல்சிஸ்டத்திட அளவக் காட்டுற டிஎஃப்ல 30 வந்த பிறகுதான் வேர்வையத் துடைச்சன்.

அக்கரைப்பற்றுக் காக்கா:
நான் ஐஎஸ்ஓவில இருந்து சொந்தமா இமேஜ் செஞ்சன். ரூட் பார்ட்டிஷனுக்குப் பின்னால ஸ்வாப் (ராம் போதாட்டி பாவிக்கிற இடம்) பார்ட்டிஷன். அஞ்சு விஎம், ஒவ்வொண்டும் 50 ஜிபி, அஞ்சும் 8லயே நிக்குது. லொக்கில ஒரே சொல்: நோசேஞ்ச், மாத்தம் இல்லையாம். பின்வளவு அடுத்தவன்ட எண்டா வேலிய எங்க தள்ளுறது? ஸ்வாப்ப ஃபைலா மாத்தி இமேஜத் திரும்பச் செஞ்சன்.

களுவாஞ்சிக்குடி:
கல்லடி, முதல் பூட்ல மட்டும் எண்டு ஆர் சொன்னது? பூட் ஆகேக்க சேர்வரத் தயாராக்குற க்ளவுட்-இனிட்ல குரோபார்ட், ஃபைல்சிஸ்டத்தப் பெருக்குற ரிசைஸ்எஃப்எஸ் ரெண்டும் ஒவ்வொரு பூட்லயும் ஓடும். அது டிஃபோல்ட்.

கல்லடிப்பாலம்:
ஓம், ஓடும். வருசத்துக்கு முதல் நாள் ரீபூட் அடிக்கட்டா எண்டு அந்த முதலாளிட்ட நீங்க கேளுங்க.

சம்மாந்துறை:
எனக்கு எல்விஎம்ல (டிஸ்க் இடத்தச் சேர்த்துப் பிரிச்சுக் குடுக்கிற அடுக்கு) ஒருக்கா நடந்தது, அத விடுங்க. எல்லாரும் முதல்ல டிஸ்க்க ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்துப் பிரதி) எடுங்க. டிஸ்க், பார்ட்டிஷன் அளவக் காட்டுற எல்எஸ்பிஎல்கேயில டிஸ்க் 30, பார்ட்டிஷன் 8 எண்டு கிடந்தா குரோபார்ட் ஓடல்ல. பார்ட்டிஷனும் 30, டிஎஃப்ல மட்டும் 8 எண்டா ஃபைல்சிஸ்டம்தான் பெருக்கல்ல. ரெண்டும் ரெண்டு வேலை. உபுண்டு இமேஜில 1, 14, 15 எண்டு நம்பரப் பார்த்து, ரூட்டுக்குப் பின்னால ரெண்டு கிடக்கு எண்டு பயப்படாதீங்க. 14உம் 15உம் டிஸ்க்கிட முன்பக்கம், 1தான் கடைசி. ஆரம்ப செக்டரைப் பாருங்க. குரோபார்ட் அடிக்கேக்க டிஸ்க் பேருக்கும் பார்ட்டிஷன் நம்பருக்கும் நடுவில இடைவெளி விடோணும். ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் எண்டா எக்ஸ்எஃப்எஸ்-குரோஎஃப்எஸ், ரிசைஸ்2எஃப்எஸ் இல்ல. அதப் பெருக்கினா திரும்பச் சுருக்கேலாது. 500 ஜிபி குடுக்க முதல் யோசிங்க. பார்ட்டிஷன் அட்டவணை பழைய எம்பிஆர் வகை எண்டா 2 டிபிக்கு மேல போகாது.

அக்கரைப்பற்றுக் காக்கா:
இதெல்லாம் சரி தம்பி, உங்கட எல்விஎம் கதை என்னாச்சு?

சம்மாந்துறை:
பார்ட்டிஷன் பெருத்தத எல்விஎம்முக்குச் சொல்லுற பிவிரிசைஸ் அடிக்க மறந்துட்டன்.