புதுப்பிப்பு: ரோபோ புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு வலது தோள்வலி (சரியாகிவிட்டது)

அப்பாவுக்கு டாவின்சி ரோபோ மூலம் புராஸ்டேட் எடுத்த பிறகு வலது தோள் ஏன் வலிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

"வாயுதான், நடக்க வையுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஆபரேஷனின்போது வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடில் மிச்சமிருப்பது உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) உறுத்துகிறது. அதன் நரம்பும் தோள்பட்டை நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சேர்வதால் வலி தோளில் தெரிகிறது. மெதுநடை, வெந்நீர் ஒத்தடம், டாக்டர் எழுதிய பாராசிட்டமால். ஓரிரு நாளில் போய்விட்டது. கேஸ் மாத்திரை பயன்படவில்லை. குடலில் இல்லாத வாயுவை அது என்ன செய்யும்? ஆனால் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள், உடனே காட்டுங்கள்.

எதிர்பாராதது, இமை வீக்கம். ஆபரேஷனில் தலையைத் தாழ்த்தி மணிக்கணக்கில் படுக்க வைப்பதால் வருவது, தானே வடிந்தது. ரோபோ கருவிகள் நுழையும் 8 மி.மீ. துளைகளுக்கு நடுவே தொப்புள் பக்கம் ஒரு வெட்டு மட்டும் பெரிதாக இருக்கும். புராஸ்டேட் சுரப்பியை வெளியே எடுப்பது அதன் வழியாகத்தான்.